ஜீப் நிறத்தில் ஒரு கேற்

பச்சை என்று ஒரு நிறமே கிடையாது. இதை நான் எங்கள் வீட்டில் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சனம். ஆனாலும் உண்மை அதுதான். வாழை இலை ஒரு பச்சை, அதன் குருத்து வேறொரு பச்சை, கிணற்றுக்கட்டுப் பாசி இன்னொன்று. கடையில் போய் 'பச்சை தாருங்கோ' என்று கேட்கிறவனும் 'சாமான் தாருங்கோ' என்று கேட்கிறவனும் ஒன்றுதான். இந்த ஞானம் எனக்கு இருபத்து மூன்று வயதில் வந்தது. வந்த கையோடு அக்காவின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது. (பார்த்தது என்ன, முக்கால்வாசி குழப்பியே விட்டது.)

எண்பத்தாறாம் ஆண்டு. படிப்பை முடித்து, கண்ட கண்ட வேலைக்கெல்லாம் மனுப்போட்டுவிட்டு நான் நீர்வேலியில் வீட்டோடு இருந்தேன். இருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கிடந்தேன். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்த சித்தப்பா, ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கென்று ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். உள்ளே பிளாஸ்ரிக் துண்டுகள். சரியாக ஒட்டினால் இரண்டாம் உலக யுத்தத்து இராணுவ ஜீப் ஒன்று உள்ளங்கையில் நிற்கும். நான் இன்னும் பன்னிரண்டு வயதுப் பெடியன் என்று சித்தப்பா நினைத்திருந்தார் போலும். அவர் நினைத்தது சரி என்று நிரூபிக்க எனக்கு அரை நாள்கூடப் பிடிக்கவில்லை.

ஒட்டுவது சுகமாக முடிந்தது. நிறத்தில்தான் சனி பிடித்தது. பெட்டியோடு வந்த தாளில் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆனால் நிறத்துக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். அந்தக் கொம்பனி விற்கிற குட்டிப் பெயின்ற் ரின்களின் இலக்கம். ரின்களோ லண்டனில். விமானத்தில் பெயின்ற் கொண்டுவர விடமாட்டார்களாம். யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு ஹாட்வெயார் கடையில் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

"எங்களிட்டைப் பச்சையிலை ரெண்டுதான் கிடக்கு, தம்பி" என்றார் கடைக்காரர். "பச்சை, கடும்பச்சை. உமக்கு எது வேணும்?"

"ரெண்டும் வேண்டாம். ஜீப்புக்கு அடிக்கிற பச்சை வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜீப் வச்சிருக்கிறியளோ?" என்று சட்டென்று மரியாதைக்கு மாறினார். அந்த நாளில் ஊரில் ஜீப் வைத்திருக்கிற இளம் ஆட்கள் என்றால் துவக்குத் தூக்கிய இயக்கப் பெடியள்தான்.

"ஓம். ஆனா சின்ன ஜீப்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் கடையை விட்டு இறங்கும் வரை எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அதை மடித்து வைத்தார். "உதுக்கு ஏனடா கடைக்காரனைக் கேக்கிறாய்? என்னைக் கேள். அந்த ஜீப்பிலை ஏறித் திரிஞ்சவன் நான்" என்றார். மெய்தான். யுத்த காலத்தில் பலாலி விமானத் தளத்தில், வெள்ளைக்காரரின் களஞ்சியத்தில் அப்பா கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவர். கண்ணால் கண்ட சாட்சியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்டினம் வரை அலைந்திருக்கிறேன்.

"அப்ப சொல்லுங்கோ, என்ன நிறம்?"

"பச்சை."

"என்ன பச்சை?"

அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு முற்றத்து முருங்கையைப் பார்த்தார். "முழுக்கப் பச்சை எண்டும் சொல்லேலாது. மண் எண்டும் சொல்லேலாது. ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டு" என்றார். அவருக்கு அது பெரிய அதிர்ச்சி. அத்தனை வருசமாகத் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்று தெரியவில்லை. நாள்தோறும் பார்த்த, தொட்ட, ஏறி இருந்த சாமானின் நிறத்தை ஒரு மனிதனால் சொல்ல முடியாமல் போகுமா? போகும் என்பது எனக்கும் புதினமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் அடுப்படிப் போத்தல்கள் ஒவ்வொன்றாக விறாந்தைக்கு வந்தன. அப்பா ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். மல்லி இல்லை, மஞ்சள் கூடிப்போயிற்று. காய்ந்த முருங்கையிலை கிட்ட வந்தது, ஆனால் வெளிறல். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய பாதி காய்ந்த புகையிலையைப் பார்த்து, "இது மழையிலை நனைஞ்ச ஜீப். காஞ்ச ஜீப் வேறை" என்றார். கடைசியில் பாசிப்பயறு. பயற்றைக் கண்டதும் அப்பாவின் முகம் மாறியது.

"இதுதான். ஆனா இதிலை பச்சை ஒரு பொட்டுக் கூடிப்போச்சு."

"வறுத்துப் பாப்பமே அப்பா?"

வறுத்தோம். பச்சை வாசம் போய், நல்ல வறுத்த மணம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு கணம், தாச்சியில் இருந்த பயறு முழுவதும் ஜீப் நிறத்துக்கு வந்தது. "இறக்கு, இறக்கு" என்று அப்பா கத்தினார். நான் வெறுங்கையால் தாச்சியை இறக்கினேன். கை வெந்தது, ஆனால் நிறம் கிடைத்துவிட்டது. அரை வறுவல் பயறு. அந்தச் சந்தோசத்தில் அம்மா வாசலில் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"அது பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்குப் பணியாரம் சுட வச்ச பயறு" என்றார் அம்மா.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவுக்கு அப்போது முப்பது வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சாதகம் பொருந்தினால் சீதனக் காணி பொருந்தாது, காணி பொருந்தினால் சாதகம் பொருந்தாது என்று பேசின இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இப்போது வந்திருந்தது உடுப்பிட்டியில் ஒரு விஞ்ஞான ஆசிரியர். ஊர் வழக்கப்படி இரண்டு பகுதியும் தற்செயலாக வந்ததுபோல் நடித்துக்கொண்டு, கோயிலில் வைத்து ஒருவரையொருவர் பார்த்தாயிற்று. அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கோயிலால் வந்த நாளிலிருந்து கிணற்றடியில் பாட்டுக் கேட்டது. இனி மாப்பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்து பார்த்துச் சரி என்றால் சரி. இதுவும் தட்டிப்போனால் இனி யாருக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டேன் என்று அக்கா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வருகிற ஆட்கள் முதலில் பார்ப்பது வாசல் கேற்றைத்தானே. எங்கள் இரும்புக் கேற் கறள் பிடித்துக் கிடந்தது. அதற்கு அடிக்கவென்று அம்மா பெரிய ரின்னில் பச்சைப் பெயின்றும், பூ வேலைக்குச் சின்ன ரின்னில் மஞ்சளும் வாங்குவித்திருந்தார். நல்ல வாழைக்குருத்துப் பச்சை. அதில் ஒரே ஒரு கரண்டி எடுத்தால் ஜீப்புக்குக் காணும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு கரண்டியைச் சிரட்டையில் விட்டு, சைக்கிளுக்கு அடித்து மிஞ்சிய கறுப்பைக் கொஞ்சம் சேர்த்தேன். போத்தல் பச்சை வந்தது. மஞ்சள் விட்டேன், கிளிப்பச்சையாகியது. அப்பா அரை வறுவல் பயற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கறுப்பு விடு" என்றார். விட்டேன். "கூடிப்போச்சு, பச்சை விடு." அதையும் விட்டேன். பெயின்ற் கலந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஒன்றைத் திருத்த இன்னொன்று, அதைத் திருத்த மற்றது. சிரட்டை நிரம்பிக் கிண்ணத்துக்குப் போய், கிண்ணம் நிரம்பி வாளிக்குப் போனது. நிறம் சரியாக வந்தபோது ரின்கள் காலி. (மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தாலே அந்த நிறம் வந்துவிடும், பச்சை தேவையே இல்லை என்று பிறகு அறிந்தேன். அறிந்து என்ன பிரயோசனம்.)

இருவரும் வாளியை எட்டிப் பார்த்தோம். "வாளியிலை பாத்து நிறம் சொல்லேலாது" என்றார் அப்பா. "பெரிய இரும்பிலை அடிச்சு, வெயிலிலை வச்சு, தள்ளி நிண்டு பாக்கோணும்."

எங்களுக்குத் தெரிந்த பெரிய இரும்பு ஒன்றுதான் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். எப்படியும் அடிக்கத்தானே போகிறோம் என்று ஒரு மூலையில் தொடங்கினேன். மூலையைப் பார்த்தால் பாதியை அடிக்கத் தோன்றியது, பாதி அடித்தபின் மற்றப் பாதியை விடுவது அழகில்லை. முடித்துவிட்டு வெளியே, எங்கள் குறுகிய ஒழுங்கையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தோம். அப்பா வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அவன் வெள்ளைக்காரன் இதுக்குள்ளாலை வந்து இறங்குவான் போலை கிடக்கு" என்றார்.

அப்போது மீன்காரர் சைக்கிளில் வந்தார். வழக்கமாகத் தூரத்திலேயே ஹோர்ன் அடிக்கிறவர், அடிக்காமல் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "ஐயா, உள்ளுக்கை ஆர் இருக்கினம்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆர் இருக்கிறது? நாங்கள்தான்."

"இல்லை, பெடியள் காம்ப் ஆக்கிப்போட்டினமோ எண்டு பாத்தன்." அதைச் சொல்லிவிட்டு மீன் காட்டாமலே போய்விட்டார்.

மூளையுள்ளவன் அந்த இடத்தில் விழித்திருப்பான். அப்பா என் தோளில் தட்டினார். "பாத்தியே? நிறம் ஒறிஜினல் எண்டபடியாத்தான் பயப்பிடுறான். வாழைக்குருத்துப் பச்சை அடிச்சிருந்தாப் பயந்திருப்பானே?" நான் பெருமையில் பூரித்துப்போனேன்.

கோயிலால் வந்த அம்மா கேற்றுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"பச்சை" என்றார் அப்பா.

"நான் வாங்கின பச்சை எங்கை?"

"அதுவும் இதுக்குள்ளைதான் இருக்கு."

அம்மா அப்பாவோடு கதைப்பதை நிறுத்தினார். அக்கா வெளியே வந்து பார்த்தாள். "பெடியளின்ரை காம்ப் மாதிரிக் கிடக்கு. அவை பயந்து திரும்பிப் போகப்போயினம்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய், உடுத்தவென்று எடுத்து வைத்திருந்த சேலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

வேறு பெயின்ற் வாங்குவம் என்றால், அடுத்த நாள்தான் ஆட்கள் வருகிற நாள், பட்டினத்தில் கடையடைப்பு. அம்மாதான் வழி கண்டுபிடித்தார். நல்ல காரியந்தானே, வாசலில் வாழை கட்டி, மாவிலை கட்டி, நிறம் தெரியாமல் மறைத்துவிடுவோம் என்றார். நானும் அப்பாவும் குற்ற உணர்ச்சியில் மாய்ந்து மாய்ந்து கட்டினோம். இரண்டு பக்கமும் வாழை, மேலே தென்னோலை, நடுவில் மாங்குழை. கட்டி முடித்தபோது இலைகுழைகளின் இடையில் ஆங்காங்கே அரை வறுவல் பயற்று நிறம் எட்டிப் பார்த்தது. இராணுவ வாகனத்தை இலைகுழை போட்டு ஏன் மறைக்கிறார்கள், மறைத்தால் எப்படி இருக்கும் என்றெல்லாம் புத்தகம் பார்த்துப் படித்தவன் நான். அந்த நேரத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

பின்னேரம். அக்கா அம்மாவின் வற்புறுத்தலில் சேலையை உடுத்திருந்தாள். நான் கேற்றடியில் காவல். சும்மா நிற்கிறவன் சும்மா நின்றிருக்கலாம். கையில் ஜீப்பை வைத்துக்கொண்டு, அதே வாளிப் பெயின்ற்தானே அடித்தேன், பிறகு ஏன் ஜீப் மட்டும் கேற்றைவிட இருண்டு தெரிகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சின்னச் சாமானில் நிறம் இருளுமா? ஒரு கண்ணை மூடி, ஜீப்பைக் கை நீளத்துக்குப் பிடித்துக் கேற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒழுங்கைக்குள் வாடகைக் கார் திரும்பியது.

பாதி வழியில் கார் நின்றது. ஒழுங்கையோ ஒரு கார் மட்டும் போகிற அகலம், திருப்ப இடமில்லை. கார் பின்பக்கமாகவே போகத் தொடங்கியது. எனக்கு விளங்கிவிட்டது. அக்காவின் வாழ்க்கை என் கண்ணுக்கு முன்னால் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன். முன்கண்ணாடிக்கூடாக அவர்களுக்கு என் முகம் முழுதாகத் தெரியும். எனக்கும் அவர்களின் முகம் தெரிந்தது. நான் ஓட ஓட அந்த முகங்களில் திகில் கூடியது ஏன் என்று விளங்கவில்லை.

காருக்குள் நடந்ததை மாப்பிள்ளை பிறகு சொன்னார். கேற்றைக் கண்டதுமே டிறைவர், "இது காம்ப். என்ரை காரை எடுத்துப்போடுவினம்" என்று பிறேக் போட்டாராம். நான் ஓடி வந்தபோது, "ஐயோ, கையிலை பச்சையா என்னவோ கிடக்கு, குண்டு கொண்டு வாறான்" என்று அலறினாராம். தாய்க்காரி கந்தசாமிக் கடவுளைக் கூப்பிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டாராம். மாப்பிள்ளை மட்டும் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, நிப்பாட்டுங்கோ. குண்டுக்கு நாலு சில்லும் ரயரும் இருக்குமோ?" என்றாராம்.

கார் நின்றது. மாப்பிள்ளை இறங்கி வந்தார். மூச்சு வாங்க வாங்க, "அது காம்ப் இல்லை, எங்கடை வீடு. அது இந்த ஜீப்பின்ரை நிறம்" என்றேன். அவர் ஜீப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள் செய்ததே? நிறம் நல்லா வந்திருக்கு. ரயர் மட்டும் பிழை."

"என்ன பிழை?"

"கறுப்பு அடிச்சிருக்கிறியள். ரயர் கறுப்பில்லை. சாம்பல்."

தலையில் களிமண் மட்டும் இருந்தால்கூட அந்த இடத்தில் 'ஓம்' என்று சொல்லி அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன். என் தலையில் பெயின்ற் இருந்தது. "உலகத்திலை உள்ள எல்லா ரயரும் கறுப்புத்தான்" என்றேன்.

அவர் என்னைக் காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் குந்தினோம். ஜீப்பின் ரயரைக் காரின் ரயரோடு சேர்த்துப் பிடித்தார். "இது கறுப்பெண்டா உங்கடை தலைமயிர் என்ன நிறம்?"

"இது தேஞ்ச ரயர். அதுதான் வெளிறிப்போச்சு."

"ஆரின்ரை ரயர் தேஞ்சது?" என்று டிறைவர் கோபத்தோடு இறங்கி வந்தார். மூன்று பேரும் சில்லைச் சுற்றி நின்று வாதாடினோம். காருக்குள்ளிருந்து தாய்க்காரியின் குரல் கேட்டது. "தம்பியவை, நாங்கள் பொம்பிளை பாக்கவோ வந்தனாங்கள், ரயர் பாக்கவோ?"

நிமிர்ந்து பார்த்தேன். கேற்றடியில், இலைகுழைகளுக்கு நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கார் பின்பக்கமாகப் போனதையும் கண்டிருக்கிறாள், நான் மாப்பிள்ளையோடு கைநீட்டி வாதாடுவதையும் கண்டிருக்கிறாள். அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வரும். சட்டென்று, "சாம்பல்தான் அத்தான், நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். சம்பந்தம் பேசியே முடியவில்லை, அதற்குள் அத்தான். தாய்க்காரி தன் மகனைப் பார்த்தார். மகன் வேறெங்கோ பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

வந்தார்கள், இருந்தார்கள். பயற்றில் பாதியை நாங்கள் நிறம் பார்க்க எடுத்துவிட்டதால் பணியாரம் ஆளுக்கொன்று. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அப்பா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்க்காரி அக்காவை அருகில் இருத்தி, என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, உன்ரை தம்பி எப்பவும் உப்பிடித்தானோ?"

அம்மா மறுத்துச் சொல்லும்படி அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. "ஓம் மாமி" என்றாள். "அப்பாவும் உப்பிடித்தான். நிறத்தைப் பிடிக்கிறம் எண்டு கேற்றைப் பழுதாக்கிப்போட்டினம். நான் என்ன செய்ய?" சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லி மழுப்ப அவளுக்கு ஒருநாளும் வராது.

தாய்க்காரி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "என்ரை வீட்டிலை ஒண்டு கிடக்கு" என்று மகனைக் காட்டினார். "மழை பெய்ஞ்சா ஏன் மண் மணக்குது எண்டு முற்றத்திலை படுத்துக் கிடந்து மணந்து பாக்கும். இதோடை ஆர் குடும்பம் நடத்துறது எண்டு நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனான். நீ ரெண்டு பேரைச் சமாளிச்சுப் பழகின பிள்ளை. எனக்குப் போதும்."

அடுத்த நாளே அம்மா தானே பிறஷ் எடுத்துக் கேற்றுக்கு வெள்ளி நிறம் அடித்தார். தை மாதம் கலியாணம். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது சேலைக் கடையில் நிறம் பார்த்து இழுபட்டால், 'கேற்றுக்கு அடிச்சுப் பாப்பமோ?' என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், நான் சிரிப்பதுபோல் நடிப்பேன். ரயர் வழக்கு மட்டும் முடியவில்லை. அன்றைக்கு நான் சொன்னது அக்காவுக்காகச் சொன்ன பொய் என்று கலியாண வீட்டிலேயே அத்தானிடம் வாபஸ் வாங்கிவிட்டேன்.

சில வருசங்களுக்கு முன், நாங்கள் இப்போது குடியிருக்கிற ரொறன்ரோவில், அக்காவின் மகளுக்குக் கலியாணப் பேச்சு. பெடியனும் தாய் தகப்பனும் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அக்கா என்னையும் அழைத்திருந்தாள். 'வாயைத் திறக்காமல் இரு' என்று வாசலிலேயே கட்டளை. நான் திறக்கவில்லை. அத்தான்தான் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெடியனின் வேலையைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை.

"தம்பி, ரயர் என்ன நிறம்?" என்று கேட்டார்.

பெடியன் மிரண்டுபோய்த் தன் தாயைப் பார்த்தான். பிறகு, "கறுப்பு அங்கிள்" என்றான்.

நான் எழுந்து போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் பூரண சம்மதம்" என்றேன்.

"இரடா" என்றாள் அக்கா. "பிள்ளை இன்னும் மேல்மாடியிலையிருந்து இறங்கி வரேல்லை."